லாட் நம்பர் பார்க்காத கட்டிங் மாஸ்டர்

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி திருப்பூரில் முப்பத்தொரு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பனியன் துணியை நீள மேசையில் நூறு அடுக்காக விரித்து, மேலே மார்க்கர் என்கிற அளவு வரைந்த தாளைப் பரப்பி, முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்டித் தருகிற வேலை. தாளில் துண்டுகளை எவ்வளவு நெருக்கி வரைகிறோமோ அவ்வளவு துணி மிச்சம். அதனால் அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான் உண்டு. அதன் பெயர் வேஸ்ட். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "எலைய இப்படித் திருப்பிப் போட்டிருந்தா வரிசைக்கு ரெண்டு பேரு சேத்தி உக்காந்திருக்கலாமுங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தலையைக் குனிந்தபடியே இருந்தார். அடக்கமான மாப்பிள்ளை என்று என் அம்மா பூரித்துப் போனாள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. "உன்ற ரவிக்கைல வலது கையத் துணிக்குக் குறுக்கால வெட்டியிருந்தாங்க அம்மிணி. அதையே பாத்துட்டு இருந்ததுல மூஞ்சியப் பாக்க மறந்துட்டேன்."

வெட்டிய துண்டுகளின் மேல் சின்னதாக எண் ஒட்டுவார்கள். ஏழாம் எண் முன்பக்கத்தோடு ஏழாம் எண் பின்பக்கம்தான் சேர வேண்டும். ஆனால் சாயப்பட்டறையிலிருந்து தனித்தனியாகச் சாயம் ஏறி வரும் ஒவ்வொரு சுமைத் துணிக்கும் ஒரு லாட் நம்பர் உண்டு. எல்லா லாட்டிலும் எண் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். லாட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் தைத்தால் முன்பக்கம் ஒரு நீலம், பின்பக்கம் இன்னொரு நீலமாகப் போய்விடும். "மொதல்ல லாட்டப் பாரு, பொறகு நம்பரப் பாரு!" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்த ஆள் கிடைக்காமல் என்னிடம் கத்துவார்.

போன ஐப்பசியில் அவர் தவறிப்போனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னார்கள். எழுந்து போகும்போது வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "ஏனுங்க, மாஸ்டரு சண்டிகர்ல தொலஞ்சு போயிட்டாராமா, நெசமுங்களா?" என்று கேட்டார்கள். நிஜம்தான். கூடவே தொலைந்தவள் நான். அவருடைய சிநேகிதர் அக்பர் பாய் இந்தக் கதையைக் காதர்பேட்டைக் கடைவீதி முழுக்கச் சொல்லிச் சொல்லி, இப்போது அதில் ஒரு நாய் துரத்துகிறது, போலீஸ் வருகிறது. நாயும் இல்லை, போலீசும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவருக்கு ஒரே தங்கை, ஜெயபாரதி. பதினான்கு வயது இளையவள். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் அவளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தது எல்லாம் இவர்தான். அவள் புருஷன் அருள்செல்வனுக்கு மத்திய அரசு உத்தியோகம், சண்டிகரில். கல்யாணமாகிப் பதினோரு வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கும் இல்லை. எங்களுக்கு இல்லாததை அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் ஜெயாவுக்காகக் கிருத்திகை தவறாமல் சிவன்மலைக்கு நடந்து போனார். மலைமேல் இருக்கிற முருகனுக்கு அவர் வைத்த வேண்டுதல் ஒன்றுதான்: ஜெயாவுக்கு ஒரு குழந்தை பிறந்தால் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும்.

பிறந்தது. பெண் குழந்தை, அனுப்ரியா. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. சிவன்மலையில் குத்தலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அருள்செல்வனின் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சண்டிகரிலேயே நம் ஜனங்கள் கும்பிடுகிற முருகன் கோயில் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அதை விட்டால் குழந்தைக்குக் காது குத்துகிற ஒற்றைப்படை மாதம் முடிந்துவிடும்.

அவர் அழைப்பிதழைத் தன் போனில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினார். சாயப்பட்டறைக்காரர், ஊசி விற்கிறவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லை. "சண்டிகருக்கு யாருங்க வரப்போறாங்க?" என்றேன். "வரவேண்டாம். தெரியோணும்" என்றார்.

கோயமுத்தூரில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, சனிக்கிழமை இரவு சண்டிகர் போய்ச் சேர்ந்தோம். அருள்செல்வன் காரில் கூட்டிப் போனார். ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் அடையாளம் வைத்துக்கொண்டே வந்தார். திருப்பூரில் எங்களுக்கு வழி தெரிவது அப்படித்தான். டெய்லர் தேவை போர்டு இருக்கிற முக்கில் திரும்பு, மசால் கடலை வண்டியைத் தாண்டு, டையிங் நாற்றம் வந்தால் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். அங்கேயும், "ரவுண்டானா, பொறகு வெள்ளைக் காரு நிக்கிற முக்குல லெப்ட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வீட்டு எண்ணையும் பார்த்துவைத்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. அரசு குடியிருப்பு, இரண்டாவது மாடி, பச்சைக் கதவு.

அவருக்கு விடிந்ததும் டீ வேண்டும். வீட்டு டீ ஆகாது, கடை டீதான். அது இல்லாமல் மற்ற காரியம் எதுவும் நடக்காது. ஆறு மணிக்கு என்னை எழுப்பினார்.

"அம்மிணி, முக்குல போயி ஒரு டீ குடிச்சுட்டு ஓடியாந்தரலாம். பத்து நிமிசம்."

கைலி கட்டியிருந்தார். குளிருக்கு மேலே ஓர் இளஞ்சிவப்பு ஹூடி. ஏற்றுமதியில் கழிந்த ரகம். நெஞ்சில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'மணப்பெண்ணின் தோழி' என்று அச்சடித்திருந்தது. நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "எழுத்த யாரு பாக்கறா? துணி முன்னூத்தி இருவது ஜிஎஸ்எம் கனம்" என்பார். இரண்டு பேர் போனும் சார்ஜில் இருந்தது. பத்து நிமிடத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வெளியே வந்து அந்த ஊரைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ரோடு கண்ணுக்கு எட்டியவரை நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே இடைவெளியில். நடைபாதை நிஜமாகவே நடப்பதற்கு இருந்தது. சுவரில் போஸ்டர் இல்லை, கம்பத்தில் போர்டு இல்லை, காதுகுத்துக்குக்கூட யாரும் பிளக்ஸ் வைக்கவில்லை.

"நிம்மி, இது ஊரில்ல. மார்க்கரு. யாரோ பெரிய மாஸ்டரு ஸ்கேலு வெச்சுப் போட்டிருக்கறான்" என்றார். அவர் என்னை நிர்மலா என்று கூப்பிட்டால் கோபம், அம்மிணி என்றால் சாதாரணம், நிம்மி என்றால் உச்சபட்சச் சந்தோஷம்.

சந்தோஷம் முதல் ரவுண்டானா வரைதான் இருந்தது. நடுவில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிற அளவுக்கு வட்டம், முழுக்கப் பூச்செடி. அவர் முகம் மாறியது.

"என்னுங்க?"

"எவ்வளவு வேஸ்ட்டு பாரு. வட்டத்த வெட்டுனா நாலு பக்கமும் வேஸ்ட்டு உழுகுமுன்னு இந்த மாஸ்டருக்குத் தெரியாதா? இந்த எடத்துல தைக்கறதுக்கு எட்டு பவர்டேபிள், ஒரு மெஸ், பத்து லைன் ஊடு போட்டிருக்கலாம்."

"ஊருன்னா கொஞ்சம் காத்து வேண்டாமுங்களா?"

"காத்து மேல இருக்குது. கீழ எதுக்கு எடம்?"

டீக்கடை இல்லை. திருப்பூரில் ஒரு டீக்கடையில் குடித்துவிட்டு டம்ளரை அடுத்த கடையில் வைக்கலாம். இங்கே வீடு என்றால் வீடு மட்டும், மரம் என்றால் மரம் மட்டும். கடைகளுக்கு என்று எங்கேயோ ஓர் இடம் ஒதுக்கி, அங்கேயே உட்காரவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நாங்கள் அதைத் தேடி இரண்டாவது ரவுண்டானா போனோம். மூன்றாவது போனோம். ஓடுகிற கால்சட்டைக்காரர் ஒருவரை இவர் நிறுத்தி, "டீ? டீ?" என்று கையால் ஆற்றிக் காட்டினார். அந்த மனிதர் ஹூடியைப் படித்தார், கைலியைப் பார்த்தார், முன்னைவிட வேகமாக ஓடிப்போனார்.

ஏழரை மணிக்கு நான் கண்டிப்பாகச் சொன்னேன். "டீ வேண்டாமுங்க. திரும்பிப் போலாம். ஒம்போதுக்குக் கோயில்ல இருக்கோணும்."

திரும்பினோம். ரவுண்டானா வந்தது. அதே பூ, அதே புல், நான்கு பக்கமும் அதே மாதிரி ரோடு. எந்த ரோட்டிலிருந்து வந்தோம்? "வெள்ளைக் காரு நிக்கிற முக்கு" என்று அவர் தேடினார். இரவு நின்ற கார் காலையில் கிளம்பிப் போயிருந்தது. அல்லது எல்லா முக்கிலும் வெள்ளைக் கார் நின்றது, இரண்டும் நடந்தது. அந்த ஊரை செக்டார் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். கேட்கலாம் என்றால் எந்த செக்டார் என்று சொல்ல வேண்டும். அருள்செல்வன் ராத்திரி ஏதோ ஒரு எண் சொன்னார். நாற்பதுக்கு மேல் என்பது வரை எனக்கு ஞாபகம். என் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை.

"செக்டாரு என்னத்துக்கு? ஊட்டு நம்பரு இருக்குதல்லோ" என்றார்.

ஒரு மணி நேரம் சுற்றிய பிறகு அந்தக் குடியிருப்பு கண்ணில் பட்டது. அதே மஞ்சள் சுவர், அதே படிக்கட்டு. எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. அவர் துள்ளிவிட்டார். "பாத்தயா? நம்பரு சரியா இருந்தா பீஸு சரியாத்தான் இருக்கும்!" என்று இரண்டிரண்டு படியாக ஏறினார். என் செருப்பு வார் அறுந்திருந்ததால் நான் மெதுவாக ஏறினேன்.

நான் மேலே போய்ச் சேர்வதற்குள் உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பச்சைக் கதவு திறந்திருக்க, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ஜெயா! இந்த ஊர்ல டீயே இல்ல கண்ணு. நீயே ஒண்ணு போடு!" என்று குரல் கொடுத்திருக்கிறார். சமையலறையிலிருந்து சல்வார் போட்ட வயதான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்திருக்கிறார். விசேஷத்துக்கு ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று இவர் நினைத்து, "வணக்கமுங்க" என்றிருக்கிறார். அந்த வீட்டில் குழாய் ரிப்பேருக்கு ஆள் வரவேண்டியிருந்ததாம். வந்துவிட்டான் என்று அந்த அம்மா டீ கொடுத்திருக்கிறார். அந்த டீயை அவர் பிற்பாடு சாகும்வரை பாராட்டினார்.

நான் உள்ளே போனபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதிரே ஆறடி உயரத்தில் ஒரு சர்தார்ஜி. தலைப்பாகைத் துணியின் ஒரு முனை சர்தார்ஜியின் கையில், மறுமுனை இவர் கையில். அதை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து மடிக்க எப்போதும் இன்னொரு ஆள் வேண்டுமாம். அந்த அம்மாவின் கையில் மாவு. அதனால் குழாய்க்காரனிடம் கொடுத்துவிட்டார். இவர் அந்தத் துணியைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, நூல் ஓட்டம் பிசகாமல், கரையோடு கரை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். சர்தார்ஜியின் முகத்தில் ஆச்சரியம். அவர் வாழ்நாளில் இவ்வளவு நேராக யாரும் மடித்துக் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

சுவரில், ராத்திரி முருகன் காலண்டர் இருந்த இடத்தில், குருநானக் கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றேன், "இது நம்மூடு இல்லீங்க."

"இரு அம்மிணி. பாதில உட்டா சுருக்கம் உழுந்துரும்."

"ஏனுங்க!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். குருநானக், சர்தார்ஜி, சமையலறை வாசலில் மாவுக் கையோடு அந்த அம்மா, நான். ஒவ்வொருவராகப் பார்த்தார். துணியை மட்டும் விடவில்லை.

"நம்பரு அதேதான?"

"நம்பரு அதேதானுங்க. செக்டாரு வேற."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வாயிலிருந்து காற்று மாதிரி வந்தது: "லாட்டப் பாக்குலியே நானு."

நான் பி.காம்.; எக்ஸ்போர்ட் ஆபீசில் இமெயில் எழுதியவள். இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. ஆனால் அன்று வந்தது. சர்தார்ஜி நல்ல இங்கிலீஷ் பேசினார். பெயர் குர்தயாள் சிங், ஓய்வுபெற்ற வாத்தியார். எந்த செக்டார் என்றார். தெரியாது என்றேன். போன் நம்பர்? தெரியாது. ஜெயா நம்பர் ஜெயா என்ற பெயருக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் போய் யார் மனப்பாடம் செய்வார்கள்? எந்தக் கோயில்? முருகன் கோயில். "முருகன்?" என்று அவர் யோசித்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, ஒரு கையில் வேல் பிடிப்பதுபோலவும் கீழே மயில் நிற்பதுபோலவும் செய்து காட்டினார். அந்த அம்மா, நாட்டியக் கச்சேரிக்கு வந்திருக்கிறோமா என்று கேட்டார்.

மணி ஒன்பது ஐந்து.

அவருக்கு வேர்த்துவிட்டது. "நிர்மலா, பத்தரைக்குள்ள நான் போகாட்டி அந்த வேலு உக்காந்துருவான்" என்றார். வேல்குமார் என்பவர் ஜெயாவுக்குப் பெரியம்மா மகன். லூதியானாவில் நூல் வியாபாரம். முறைக்கு அவரும் தாய்மாமன்தான். காதுகுத்துக்கு முதல் நாளே வந்து, "அண்ணன் எதுக்கு இத்தன தூரம் சிரமப்படோணும், பக்கத்துல நானிருக்கறனல்லோ" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு ஒரு நம்பராச்சும் மனப்பாடமா இருக்குதாங்க?"

கண்ணை மூடினார். இருந்தது. அக்பர் பாயுடைய நம்பர். இருபது வருடமாக மாற்றாத, பார்த்தாலே மனதில் ஒட்டுகிற எண். காதர்பேட்டையில் மிச்சப் பனியன் விற்கிற அக்பர் பாய்க்கு சர்தார்ஜியின் போனிலிருந்து அடித்தோம். ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்பரு, நாந்தான் ஆறுச்சாமி."

"என்றா புது நம்பரு? சண்டிகர் போயிச் சேந்தாச்சா? காது குத்தியாச்சா?"

"சேந்தாச்சு. தொலஞ்சு போயிட்டேன்."

சிரிப்பு வெடித்தது. அந்தப் பக்கம் கடையில் இருந்தவர்களிடம் அவர் சொல்வதும், அவர்கள் சிரிப்பதும் கேட்டது. "ஏப்பா, நூறு அடுக்குத் துணிக்குள்ள ஒரு ஓட்டையக் கண்டுபுடிப்பயே, உன்ற தங்கச்சி ஊட்டக் கண்டுபுடிக்க முடியலையா?"

"அப்பறம் சிரிச்சுக்க. நானு அனுப்புன பத்திரிகை இருக்குதா பாரு. அதுல கோயில் அட்ரஸ் இருக்கும்."

"இரு இரு. நீ தெனம் அனுப்பற குட்மார்னிங்கு ரோசாப்பூவுக்குள்ள எங்கியோ கெடக்குது... ரோசா... ரோசா... முருகன்... மறுக்கா ரோசா... ஆங், கெடச்சுது."

கோயிலின் செக்டார், அருள்செல்வனின் நம்பர் இரண்டையும் படித்தார். சர்தார்ஜியிடம் இந்தியில் ஏதோ பேசினார். டெல்லி வியாபாரிகளோடு பேசிப் பழகிய இந்தி. சர்தார்ஜி விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சொன்னாரோ, இருவரும் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

அருள்செல்வனின் போனை எடுத்தது ஜெயா. அழுதுகொண்டிருந்தாள். "அண்ணி! எங்க போயிட்டீங்க? அவரு ரெண்டு செக்டாரச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டாரு. நாங்க கோயிலுக்கு வந்துட்டோம். நேரா வந்துருங்க. ஆசாரி வந்தாச்சு, வேலண்ணன் பட்டு வேட்டி கட்டியாச்சு."

குர்தயாள் சிங் கார் சாவியை எடுத்தார். அந்த அம்மா ரொட்டிகளைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தார்.

நல்ல மனிதர், நல்ல கார், நல்ல ரோடு. ஆனால் அந்த ஊருக்கு ஒரு ஒழுக்கம் இருக்கிறது. முதலில் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் பெல்ட்டைக் கைலி முடிச்சோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டார். முதல் சிக்னல் சிவப்பு. தொண்ணூறு நொடி. குறுக்கே ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதர் இல்லை. சர்தார்ஜி கையைக் கட்டிக்கொண்டு எண் குறைவதை நிம்மதியாகப் பார்த்தார்.

"யாருமே இல்லீங்களே. போலாமுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

சர்தார்ஜி சிரித்துத் தலையசைத்தார், நகரவில்லை.

இரண்டாவது சிக்னலும் சிவப்பு. "அம்மிணி, இங்கிலீஷ்ல சொல்லு. நம்மூர்ல சிவப்புன்னா பாத்துப் போன்னு அர்த்தமுன்னு சொல்லு."

"சொன்னா எறக்கி உட்டுருவாருங்க."

மூன்றாவதில் அவரே எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தாறு, நாற்பத்தஞ்சு, நாற்பத்துநாலு. சர்தார்ஜியும் பஞ்சாபியில் கூடவே எண்ணினார். பிரார்த்தனை என்று நினைத்திருப்பார். நடுவே ஹூடியைக் காட்டி, மணப்பெண் யார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

கோயிலில் இறங்கியபோது பத்து பதினாறு. பெல்ட்டைக் கழற்றினால் கைலியும் கூட வந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மண்டபத்தில் தமிழ் ஜனம் முப்பது பேர் இருக்கும். நடுவில் மணைப்பலகையில் வேல்குமார், மடியில் அனுப்ரியா. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். ஜெயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணன் வராம ஊசிய எடுக்கப்படாது!"

"நேரம் போகுது ஜெயா. மாமன்னா மாமன்தான். யாரு மடியா இருந்தா என்ன?" என்றார் வேல்குமார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்குது."

அப்போதுதான் அவள் எங்களைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு ஹூடி, கையில் பிடித்த கைலி, பின்னால் தலைப்பாகையோடு ஆறடி மனிதர். மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சத்தம் போடுவார், வேல்குமாரோடு மல்லுக்கு நிற்பார் என்று நான் பயந்தேன். அவர் போய் மணைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"வேலு, கொஞ்சம் நகுந்துக்கோ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். குரலில் அதட்டலே இல்லை. வேல்குமார் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்து குழந்தையைத் தூக்கி இவர் மடியில் வைத்தார். "என்ன மாஸ்டரு, இவ்வளவு பெரிய ஊர்ல உங்களுக்கு வழி சொல்ல ஆளே கெடைக்கலையா?" என்று ஒரு போடும் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். இவருக்கென்று ஜெயா எடுத்துவந்திருந்த பட்டு வேட்டியைக் கைலிக்கு மேலேயே சுற்றிவிட்டோம். ஹூடியைக் கழற்றச் சொன்னேன். "குளிருது. கொழந்த ஒடம்புல பட்டா அவளுக்கும் குளிரும்" என்றார்.

ஆசாரி மையால் காதில் புள்ளி வைத்திருந்தார். ஊசியை எடுத்தார்.

"ஒரு நிமிசமுங்க ஆசாரி."

"இப்ப என்னுங்க?"

"இடது காதுல புள்ளி ஒரு நூலு கீழ எறங்கியிருக்குது."

"அண்ணா! நேரம்!" என்று ஜெயா கத்தினாள். ஆசாரி கடுப்போடு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அழித்துவிட்டு ஒரு நூல் மேலே வைத்தார். பத்து இருபத்தாறுக்கு வலது காது, இருபத்தேழுக்கு இடது காது. குழந்தை ஒரு வீறல் வீறிட்டாள். அதைவிடப் பெரிதாக அவர் அழுதார். சர்தார்ஜி என்ன ஏது என்று புரியாமல் பின்னாலிருந்து கை தட்டினார்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அழுத களைப்பில் குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். ஒரு கை அவள் தலைக்குக் கீழே, ஒரு கை கால் மேல். ஜெயா வாங்க வந்தாள், தரவில்லை. அருள்செல்வனின் அம்மா தொட்டிலில் போடலாம் என்றார். "எழுந்திருச்சுக்கும்" என்று தலையை ஆட்டினார். ஒரு மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய் முகம் கோணியது. அப்போதும் தரவில்லை.

பந்தியைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று நான் ஒரு இலையில் சாதம் வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் இலையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தாறு வருடம். நாலு பேர் முன்னால் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே அபூர்வம். மண்டபத்தில் வேல்குமார் இருந்தார், ஜெயாவின் மாமியார் வீட்டு ஜனம் இருந்தது, சர்தார்ஜி இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்து ஒரு உருண்டை கொடுத்தேன். மென்று விழுங்கினார். குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னார்:

"அம்மிணி, அடுத்த வாய்க்கு ரசம் ஊத்திக்கோ."